தொண்ணூறு நிமிடம் வாழ்ந்த எண்

"என் புருஷனைக் கொன்னது என் நாத்தனாரா இல்லையான்னு இன்னிக்கு நாலு மணிக்குள்ள எனக்குத் தெரியணும் சார்."

ஊசி பேனாவை மூடி வைத்தார். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவர்கள் போலீஸ்காரர்கள். ஆளும் ஒல்லி, கேள்வியும் குத்தும். துப்பறிய வந்து இருபது வருடமாகிறது. இதற்குள் எத்தனையோ மனைவிகள் அவருடைய மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அழாமல் உட்கார்ந்தவள் இவள் ஒருத்திதான்.

"நாலு மணிக்கு என்னம்மா?"

"விசாரணை அதிகாரி அறிக்கையில கையெழுத்துப் போடறாரு. போட்டதும் அவளைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க."

சொன்னாள். கணவன் குளிர்கிடங்கில் இயந்திர ஆபரேட்டர். பதினோரு நாளுக்கு முன்பு, பகல் இரண்டு மணிக்கு, குளிரூட்டும் இயந்திரத்தின் அடியில் சேரும் எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தான். வால்வு சிக்கிக்கொண்டது. எண்ணெயோடு, குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா வாயுவும் பீறிட்டது. அப்போது காற்றை வெளியே இழுக்கும் ஃபேன்கள் ஓடவில்லை. அபாயமணியும் அடிக்கவில்லை. இரண்டையுமே கம்ப்யூட்டர் வழியாக யாரோ உத்தரவு போட்டு நிறுத்தியிருந்தார்கள். கதவு நாலடி தள்ளித்தான் இருந்தது. கண் எரிந்து, சுவரைத் தடவித் தடவிப் போன கையின் தடம், கதவுக்கு எதிர்ப்பக்கமாகப் போய் முடிந்திருந்தது.

"அந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துக்கறது யாரு?"

"இவரோட தங்கச்சிதான். இவர்தான் அங்க வேலைக்குச் சேத்துவிட்டாரு." அவள் மடியில் இருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்தாள். "ஒரே வீடு சார். அவ மாடியில, நான் கீழ. பதினோரு நாளா பேச்சு இல்லை. அவதான் காரணம்னா வீட்டை விட்டு வெளிய அனுப்பணும். இல்லைன்னா நான் அவ கால்ல விழணும். ரெண்டுல ஒண்ணு நடந்தாத்தான் எனக்குத் தொண்டையில தண்ணி இறங்கும்."

பையிலிருந்து நாலு பக்க அறிக்கையை எடுத்து வைத்தாள். இறந்தவரின் மனைவி என்பதால் அவளுக்கு ஒரு நகல் கிடைத்திருந்தது.

ஊசிக்கு முன்னால் அதைப் பிடுங்கிக்கொண்டவள் பட்டாசு. அவருடைய துணையாள். முன்பு கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். வருகிற வாடிக்கையாளரையெல்லாம் கிண்டலடித்தே கடையை இழுத்து மூடியவள்.

"எழுதினவரு கம்பெனியோட தொழில்நுட்ப ஆலோசகர்," என்று படித்தாள். "கேளுங்க பாஸ். 'புத்தம்புதுப் பதிப்புக்கு மாறும்படி நான் பலமுறை எச்சரித்தும், பொறுப்பாளர் பழைய நீண்ட காலப் பதிப்பிலேயே பிடிவாதமாக இருந்தார். அதிலுள்ள ஓட்டை உலகறிந்தது. அதன் வழியே அடையாளம் தெரியாத வெளியாள் நுழைந்து ஃபேன்களை நிறுத்தியிருக்கிறார். பொறுப்பாளரின் அலட்சியமே மரணத்துக்குக் காரணம்.' அடேங்கப்பா! முற்றுப்புள்ளி வைக்கறதுக்குள்ள கைவிலங்கே மாட்டிட்டாரு."

"பதிப்புன்னா? புத்தகமா?"

"லினக்ஸ் பாஸ். யாருக்கும் சொந்தமில்லாம, ஊருக்கே திறந்து வெச்ச மென்பொருள். அதுல ரெண்டு ரகம். ஒண்ணு, ஆறு மாசத்துக்கு ஒருதடவை வீட்டையே இடிச்சுக் கட்டறது. எல்லாம் பளபளன்னு இருக்கும், சமையலறை எங்க போச்சுன்னு மட்டும் தேடணும். இன்னொண்ணு, பல வருஷம் ஒரு செங்கல்லைக்கூட நகத்தாது. ஒழுகினா அடைப்பாங்க, அவ்வளவுதான்."

"நீ எதுல இருக்கே?"

"புதுசுலதான். வாரம் ஒருதடவை வீட்டைத் தேடறேன்."

ஊசி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை.

*

மாடி அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. தங்கை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். அண்ணி வாசற்படியிலேயே நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை.

"நான்தான்," என்றாள் தங்கை. கேள்வி கேட்பதற்கு முன்பே.

"என்ன நீதான்?"

"பழசே இருக்கட்டும்னு அடம் பிடிச்சது நான்தான். அந்த ஆலோசகர் மூணு தடவை சொன்னாரு, புதுசுக்கு மாத்துன்னு. மெஷின் ரூம்ல போய் புதுசு வெச்சு விளையாட முடியாது சார். காலையில ஏதோ ஒண்ணு மாறியிருக்கும், ஃபேன் சொன்ன பேச்சைக் கேக்காது. பழசுன்னா நேத்து மாதிரியே இன்னிக்கும் இருக்கும். அண்ணன் அந்த ரூம்லதானே நிக்கறான்னு நினைச்சுத்தான்..." நிறுத்திக்கொண்டாள். "கடைசியில அதுவே எமனாயிடுச்சு."

"எந்த ஓட்டை வழியா வந்தான்னு சொன்னாங்களா?"

"சொல்லலை. அன்னிக்கே சஸ்பெண்ட் பண்ணி, ஃபோனு, லேப்டாப்பு எல்லாத்தையும் கேட்லயே வாங்கிட்டாங்க. எனக்குத் தெரியாத ஏதோ ஒரு ஓட்டைன்னு நினைச்சுக்கிட்டேன். தினம் அதையேதான் யோசிக்கறேன். எதை விட்டேன், எதை விட்டேன்னு."

பட்டாசு அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை அவளிடம் நீட்டினாள்.

தங்கை படித்தாள். மறுபடி படித்தாள். பதினோரு நாளாகக் கூன் விழுந்திருந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"இதுவா? வெளியிலேருந்து வர்றவங்களை உள்ள விடற வாசல் நிரல் 8.4-ல இருக்கற ஓட்டை... இதை நான் எட்டு மாசத்துக்கு முன்னாடியே அடைச்சுட்டேனே!"

"8.4 பழைய எண்தானேம்மா? ஓட்டையை அடைச்ச புது எண் 9.6-ன்னு போட்டிருக்காரே."

"எண் மாறாது சார்! அதுதான் இந்த ரகத்தோட குணமே."

பட்டாசு நெற்றியில் அறைந்துகொண்டாள். "நானும் கோட்டை விட்டேனே! பாஸ், இப்படிப் பாருங்க. உங்க சட்டை பத்து வருஷப் பழசு."

"எட்டு."

"காலர்ல லேபிள் அதேதான். ஆனா கிழிஞ்ச இடத்தையெல்லாம் உள்பக்கமா தச்சிருக்கீங்க. தெருவுல நின்னு லேபிளைப் படிக்கறவன், இது கிழிஞ்ச சட்டைன்னுதான் சொல்லுவான். புது ரகத்துல தையலே கிடையாது. கிழிஞ்சா புதுச் சட்டை, புது லேபிள். அதுலயே வளர்ந்தவனுக்குப் பழைய லேபிள்னாலே கிழிசல்தான்."

"தைச்சதுக்கு அடையாளம் உண்டா?"

"உண்டு," என்றாள் தங்கை. "எண்ணுக்குப் பின்னால வால் மாதிரி இன்னொரு எண் வரும். 8.4-9, 8.4-10, இப்படி. இந்த ஓட்டை ஒன்பதாவது தையல்ல அடைபட்டுச்சு. வெளிய நின்னு பாக்கறவனுக்கு 8.4 மட்டும்தான் தெரியும், வாலை நான் மறைச்சு வெச்சிருந்தேன். கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சவனுக்குத்தான் வால் தெரியும்."

"அந்தக் கம்ப்யூட்டர் இப்ப எங்கே?"

"மறுநாளே டிஸ்க்கைக் கழட்டி நொறுக்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். புதுசு போட்டாங்களாம்." அவள் முகம் மறுபடி வாடியது. பிறகு, "கேட்ல ஒண்ணு இருக்கு!" என்றாள். "வெப்பநிலை காட்டற பலகைக்குப் பின்னால. ரெண்டையும் ஒரே நாள்ல நான்தான் போட்டேன், ஒரே பதிப்பு. யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. தையல் போடறப்ப மட்டும் ரெண்டையும் ஒரே நாள்ல தொட மாட்டேன். இன்னிக்குப் பெரிசு, நாளைக்குச் சின்னது. ஒண்ணு தவறினா இன்னொண்ணு நிக்கணும் பாருங்க. அன்னிக்குக்கூட மத்தியானம் பெரிசுக்குப் போட்டுட்டு, சின்னதை நாளைக்குப் பாத்துக்கலாம்னு வெச்சுட்டு, ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன்..."

வாசற்படியைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதே இடத்தில் இல்லை. ஓரடி உள்ளே வந்திருந்தாள்.

*

குளிர்கிடங்கின் விசாரணை அறையில் இரண்டரை மணிக்கு நாலு பேர் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். விசாரணை அதிகாரி வழுக்கைத் தலை, பொறுமையில்லாதவர். முதலாளி கனத்த உடம்பு, தண்ணீர் கிளாஸை விட்டு விரலை எடுக்கவே இல்லை. ஆலோசகருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'அப்டேட்'. நாற்பது வயது, புதுக் கண்ணாடி, புது ஷூ. ஊசி நாலாவது ஆள். பட்டாசும் அண்ணியும் அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். தங்கையை கேட்டைத் தாண்ட விடவில்லை.

"சார், ஒரு சின்னச் சோதனை," என்றார் ஊசி. "கேட்ல இருக்கற கம்ப்யூட்டரும் அதே பதிப்பு, அதே 8.4. ஆலோசகர் சொல்ற ஓட்டை அதுலயும் இருக்கணும். அவரே நுழைஞ்சு காட்டட்டுமே."

அப்டேட் சிரித்தார். "அது வேற மெஷின் சார். இதெல்லாம் டயம் வேஸ்ட்."

"வேற மெஷின்தான். லேபிள் ஒண்ணுதானே?" என்றாள் பட்டாசு. "உலகறிந்த ஓட்டைன்னு எழுதியிருக்கீங்க. உலகத்துக்கே தெரிஞ்ச வழி உங்களுக்குத் தெரியாதா?"

அதிகாரி தலையசைத்தார். மறுக்க வழியில்லை. அப்டேட் லேப்டாப்பைத் திறந்தார்.

பத்து நிமிடம் ஆயிற்று. இருபதும் ஆயிற்று. விசைகள் மட்டும் தடதடத்தன. திரையில் ஒரே பதில் திரும்பத் திரும்ப விழுந்தது: மறுக்கப்பட்டது.

"தட்டுங்கள் திறக்கப்படும்னு சொல்லுவாங்க," என்றாள் பட்டாசு. "இது தட்டினா, யாரு அதுன்னு கேக்குது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அண்ணி முன்னால் சாய்ந்தாள். ஜெயித்தாயிற்று என்று பட்டாசு நினைத்த அந்த நொடியில், அப்டேட் லேப்டாப்பை மூடிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"ஒத்துக்கறேன் சார். ஓட்டை அடைபட்டிருக்கு. என் அறிக்கையில தப்பு." குரலில் பதற்றமே இல்லை. "அப்ப வெளியாள் யாரும் வரலை. ஃபேனை நிறுத்தினவங்க பாஸ்வேர்டு போட்டு, முன்வாசல் வழியா வந்திருக்காங்க. அந்தப் பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் செத்துட்டாரு. இன்னொருத்தர் கேட்ல நிக்கறாங்க."

அப்டேட் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"இது அலட்சியம் இல்லை சார். கொலை. வீட்டுல என்ன தகராறோ, யாருக்குத் தெரியும்?"

அதிகாரியின் கை தொலைபேசியை நோக்கிப் போயிற்று. பட்டாசு ஊசியின் காதருகே குனிந்தாள். "பாஸ், நாம அவளைக் காப்பாத்த வந்தோமா, கழுத்துல கயிறு மாட்ட வந்தோமா?"

ஊசி அவளைப் பார்க்கவில்லை. அப்டேட்டையும் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது முதலாளியை. 'ரெண்டே பேர்' என்ற சொல் விழுந்தபோது கிளாஸிலிருந்த தண்ணீர் தளும்பி மேஜையில் சிந்தியது. முதலாளி அதைத் துடைக்கவில்லை.

"ஃபோனை ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பண்ணலாம் சார்," என்றார் ஊசி. "அந்த இணைப்புக் கோப்பைக் கொஞ்சம் கொடுங்க. எங்களுக்கு வந்த நகல்ல இணைப்பு இல்லை."

தடித்த கோப்பு. ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மூன்றாவது இணைப்பில் விரல் நின்றது. அந்தத் தாளைப் பட்டாசிடம் காட்டினார். அவள் கண் அகலமானது. வாயைத் திறந்தாள். ஊசி தலையை அசைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

"ஆலோசகர் சார், நீங்க அந்தப் பெரிய கம்ப்யூட்டருக்குள்ள எப்பவாவது நுழைஞ்சிருக்கீங்களா?"

"ஒருநாளும் இல்லை. வெளியிலிருந்து பாத்து எச்சரிச்சதோட சரி."

"விபத்துக்குப் பிறகு?"

"ரெண்டு இருபதுக்குத் தீயணைப்புக்காரங்க மெயின் கரண்டையே கட் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் அதை யாரும் ஆன் பண்ணலை. மறுநாள் காலையில வாட்ச்மேன் முன்னாடி டிஸ்க்கைக் கழட்டி நொறுக்கினோம். பாதுகாப்பு நடைமுறை."

"தடயத்தை நொறுக்கறது நல்ல நடைமுறைதான். நடுவுல ஒருதடவைகூட ஆன் பண்ணலை?"

"இல்லைன்னு சொல்றேனே!"

"சார், குறிச்சுக்கோங்க," என்றார் ஊசி அதிகாரியிடம். பிறகு தாளை மேஜையின் நடுவில் வைத்தார். "இது ஆலோசகர் கொடுத்த பட்டியல். பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கற நிரல்களும் எண்களும். பதினாலாவது வரியைப் படிங்க."

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். "வாசல் நிரல், 8.4-12."

"வெளிய நின்னு பாத்தா 8.4-ஓட முடிஞ்சிடும். பின்னால இருக்கற பன்னிரண்டு, உள்ள நுழைஞ்சவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அது எத்தனையாவது தையல்ங்கற கணக்கு. பாவம், அவருக்கு அது என்னன்னே தெரியலை. ஏதோ குப்பைன்னு நினைச்சு அப்படியே விட்டுட்டாரு."

அப்டேட்டின் நாக்கு உதட்டை ஈரப்படுத்தியது. "கேட் மெஷின்ல இருந்து எடுத்திருப்பேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

"வேற மெஷின்னு கொஞ்சம் முன்னாடி நீங்கதான் சொன்னீங்க," என்ற பட்டாசு ஓடினாள். கேட்டில் நின்ற தங்கையே பாஸ்வேர்டு போட, காவலாளி சாட்சியாக நிற்க, ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினாள். "கேட்ல 8.4-11. பன்னிரண்டு அங்க வரவே இல்லை."

"ஏன்னா அந்தப் பொண்ணு ரெண்டையும் ஒரே நாள்ல தொட மாட்டா," என்றார் ஊசி. "பன்னிரண்டாவது தையலைப் பெரிசுக்கு என்னிக்குப் போட்டா? எத்தனை மணிக்கு? அவ ஃபோன் கம்பெனிகிட்ட இருக்கு. ஆனா அவ யாருக்குச் சொல்லியிருப்பாளோ, அவரோட ஃபோன்..."

திரும்பி அண்ணியைப் பார்த்தார்.

அவள் துணிப்பைக்குள் கையை விட்டாள். விளிம்பு நசுங்கிய ஒரு ஃபோன் வந்தது. "ஆஸ்பத்திரியில அவர் சட்டையோட சேத்துக் கொடுத்தாங்க. தினமும் சார்ஜ் போடறேன். திறந்து பாக்கத் தைரியம் வரலை."

திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. கடைசியாகப் பேசியது தங்கையோடுதான். அவள் சத்தமாகப் படித்தாள். ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"பன்னிரண்டு அம்பது. தங்கச்சி: 'அண்ணா, 12 போட்டாச்சு. ரெண்டு நிமிஷம் நின்னு வந்துச்சு, இப்ப எல்லாம் சரி. ரெஜிஸ்டர்ல எழுதிக்கோ.' இவரு: 'எழுதிட்டேன். ரெண்டு மணிக்கு எண்ணெய் எடுக்கறேன். ஃபேன் ஓடும்ல?' தங்கச்சி..." நிறுத்தினாள். "தங்கச்சி: 'ஓடும்ணா.' "

தேதியை அதிகாரி எட்டிப் பார்த்தார். பதினோரு நாளுக்கு முன்பு. மரண நாள்.

"பன்னிரண்டு அம்பதுக்கு அந்த எண் பிறந்தது," என்றார் ஊசி. "ரெண்டு இருபதுக்குக் கரண்ட்டோட செத்துப் போச்சு. மறுநாள் நொறுங்கிடுச்சு. இந்த உலகத்துல அந்தக் கம்ப்யூட்டர்ல அந்த எண் உயிரோட இருந்தது தொண்ணூறே நிமிஷம். அந்த நேரத்துல உள்ள இருந்தவரால மட்டும்தான் இந்தத் தாளை அச்சடிக்க முடியும். ஃபேன் நின்னதும் அதே தொண்ணூறு நிமிஷத்துலதான். ஆலோசகர் சார், ஒருநாளும் நுழைஞ்சதில்லைன்னீங்களே?"

அப்டேட் எழுந்து நின்றார். உட்கார்ந்தார்.

"பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இல்லை, மூணு பேர்," என்று ஊசி முதலாளி பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "அவசரத்துக்குன்னு பாஸ்வேர்டை எழுதி, ஒட்டின கவர்ல போட்டு, முதலாளிகிட்ட கொடுத்து வெக்கறது எல்லாக் கம்பெனியிலயும் வழக்கம். உங்க கவர் இப்ப ஒட்டித்தான் இருக்கா?"

முதலாளியின் கனத்த உடம்பு நாற்காலிக்குள் இறங்கியது.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னான்," என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"பழசு எவ்வளவு ஆபத்துன்னு கண்ணால காட்டறேன், அப்புறம் அந்தப் பொண்ணு வாயே திறக்க மாட்டாள்னு சொன்னான். மத்தியானம் கவரைக் கேட்டான், உள்ள கிடைக்கற பாஸ்வேர்டோட ஒப்பிட்டுப் பாக்கணும்னு. கொடுத்தேன். ரெண்டு மணிக்கு என் ரூம்ல, என் முன்னாடி உக்காந்துதான் செஞ்சான். 'பாருங்க சார், ஒரே நிமிஷத்துல நுழைஞ்சுட்டேன். பட்டியல் வந்துடுச்சு. ஃபேன் நின்னுடுச்சு. மணியும் அவுட்'னான். ஓட்டை வழியாத்தான் போனான்னு நினைச்சேன். கை தட்டினேன். எனக்கென்ன தெரியும்..."

"மெஷின் ரூமுக்குச் சொன்னீங்களா?" அண்ணிதான் கேட்டாள். "உள்ள ஆள் இருக்காங்களான்னு ஒரு ஃபோன் பண்ணீங்களா?"

"அஞ்சு நிமிஷம்தானேன்னு..."

"ஓட்டை திறக்கலை!" அப்டேட் திடீரென்று கத்தினார். "காலையில பதினோரு மணியிலேருந்து முட்டிக்கிட்டு இருந்தேன், திறக்கவே இல்லை! முதலாளிகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். எப்படிச் சார் போய் முடியலைன்னு சொல்றது? அதான் கவர்... யாரையும் கொல்லணும்னு நான் நினைக்கலை. நிரூபிக்கணும்னுதான்..."

"நிரூபிச்சுட்டீங்க," என்றார் ஊசி. "அந்தப் பொண்ணு போட்ட பூட்டு நல்ல பூட்டுன்னு."

பட்டாசுக்கு ஒரு கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டாள்.

அதிகாரி தொலைபேசியை எடுத்தார். மணி மூன்று ஐம்பது.

*

கேட்டுக்கு வெளியே, சரக்கு லாரிகள் நிற்கும் இடத்தில், ஒரு சிமென்ட் கட்டையின்மேல் தங்கை உட்கார்ந்திருந்தாள். ஊசி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அவள் அழவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், அவரு சொன்னப்பவே நான் புதுசுக்குச் சரின்னு சொல்லியிருந்தா, அவருக்கு நிரூபிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காதே? அண்ணன் இப்ப இருந்திருப்பான்ல?"

பட்டாசு லாரி டயரைப் பார்த்தாள்.

அண்ணி வந்தாள். கட்டையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. சற்று நேரம் கழித்து அதுவும் இல்லை.

"இருந்திருப்பாரோ என்னவோ," என்றாள் அண்ணி. பதினோரு நாளில் அவள் தங்கையிடம் பேசிய முதல் பேச்சு அது. "எனக்குத் தெரியாது. அதை யோசிச்சா நாம ரெண்டு பேரும் பைத்தியமாயிடுவோம். அதிகாரி புகார் எழுதித் தரச் சொல்றாரு. எனக்குக் கை ஓடலை. நீ எழுது."

"அண்ணி, நான்..."

"எழுதுடி. முதலாளி பேரை முதல்ல போடு. அந்த ஆலோசகனாவது செஞ்சதோட சரி. இந்த முதலாளி எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்து என் கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்லிட்டுப் போனாரு."

பட்டாசு தாளும் பேனாவும் கொடுத்தாள். தங்கை தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதினாள். நாலு வரி வந்ததும் அண்ணி அவள் தோள் வழியாகக் குனிந்து படித்தாள். படித்துவிட்டு விரலை ஒரு சொல்லின்மேல் வைத்தாள்.

"இது என்ன, 'விபத்தில் இறந்த என் அண்ணன்'?"

"அப்படித்தானே அண்ணி எல்லாரும்..."

"அடிச்சுடு. 'கொல்லப்பட்ட'ன்னு எழுது."

தங்கை அடித்துவிட்டு எழுதினாள்.